பின்கால் சொல்லும் பொய்

நாய் பொய் சொல்லாது என்று நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதன் பின்கால் சொல்லும்.

பெங்களூரில் ஏதாவது ஒரு கால்நடை மருத்துவமனையில் அரைநாள் உட்கார்ந்திருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துண்டில் சுற்றி ஒரு டாஷ்ஹண்டைத் தூக்கி வருகிறார்கள். முந்தின நாள் ராத்திரி சோபாவிலிருந்து குதித்தது. விடிந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மருத்துவர் அதை மேசையில் கிடத்திப் பின்கால் விரலைக் கிடுக்கியால் அழுத்துகிறார். கால் வெடுக்கென்று மேலே போகிறது. கூட வந்த அம்மாவுக்கு முகம் மலர்கிறது. "பாருங்க டாக்டர், காலை இழுத்துக்கிச்சு. உணர்ச்சி இருக்கு!" மருத்துவர் காலைப் பார்க்கவே இல்லை. அவர் நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாயோ வாசலில் குரைக்கும் வேறொரு நாயின் பக்கம் காதைத் திருப்பி வைத்திருக்கிறது.

காலை இழுத்தது அதன் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி. விரலில் பட்ட அழுத்தம் நரம்பு வழியாக இடுப்புவரை ஏறுகிறது. அங்கேயே கட்டளை பிறந்து காலுக்குத் திரும்பிவிடுகிறது. மூளைக்குத் தகவலே போகவில்லை. முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் நமக்குக் கால் துள்ளுகிறதே, அந்த வகை. வலி மூளைக்கு எட்டியிருந்தால் நாய் திரும்பிப் பார்க்கும், வீறிடும், கண்பாவை விரியும், கடிக்கவும் வரும். இந்த ஒரு சோதனையில் மட்டும், கடிக்க வரும் நாயைக் கண்டு மருத்துவர் சந்தோஷப்படுவார். காரணம் இருக்கிறது. டிஸ்க் பிதுங்கித் தண்டுவடம் நசுங்கிய நாய்களில், இந்த ஆழ்வலி உணர்வு மிச்சமிருப்பவை அறுவை சிகிச்சைக்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மறுபடி நடக்கின்றன. அது போய்விட்டவற்றில் பாதிக்குச் சற்று மேல்தான். அதிலும் பத்தில் ஒன்றுக்கு நசுங்கிய இடத்திலிருந்து தண்டுவடம் மேலும் கீழுமாக உருகிக்கொண்டே போகும். சில நாட்களில் மூச்சுத் தசைவரை வந்துவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது.

வால் விஷயமும் இப்படித்தான். பின்பக்கத்தைத் துடைக்கும்போது வால் ஆடினால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் ஆடினால் அர்த்தம் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் நாலு நாள் நம்பிக்கையோடு வீட்டில் வைத்திருந்து, ஐந்தாம் நாள் கொண்டுவருகிறவர்கள் மோசமானவர்கள் அல்ல. அன்பானவர்கள். அன்புக்குத் தனக்குச் சாதகமான அடையாளத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு.

டாஷ்ஹண்டில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க், சாதாரண நாயின் இளம் வயதில் உள்ளே கூழாக இருக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். டாஷ்ஹண்ட், பீகிள், ஷீட்சு, பெக்கினீஸ், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றில் முதல் பிறந்தநாளுக்கு முன்பே அந்தக் கூழ் காயத் தொடங்கிச் சுண்ணாம்புபோல் இறுகுகிறது. பிறகு மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் ஏதோ ஒரு நாள், ஒன்றுமில்லாத ஒரு குதிப்பில், உறை கிழிந்து உள்ளிருப்பது தண்டுவடத்தின் மேல் பீய்ச்சி அடிக்கிறது. மார்பு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலும். அதற்கு மேலே விலா எலும்புகளின் தலைகளைக் கட்டிப்போடும் ஒரு தசைநார் டிஸ்குக்கு அணைபோல இருக்கிறது. அணை முடிகிற இடத்தில் உடைப்பு. 2017-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், பன்னிரண்டாம் குரோமோசோமில் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு மரபணுப் பிரதியை இதற்குக் காரணமாகக் காட்டினார்கள். காலைக் குட்டையாக்கும் அதே பிரதிதான் டிஸ்கையும் கெடுக்கிறது. ஜெர்மனியில் வளைக்குள் நுழைந்து வேட்டையாடக் குட்டைக்கால் வேண்டியிருந்தது, தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். வாழ்நாளில் ஐந்தில் ஒரு டாஷ்ஹண்டுக்கு முதுகு தொல்லை தருவது அந்தத் தேர்வின் வட்டி. ஒயிட்ஃபீல்டில் பதினான்காவது மாடியில் இருக்கும் நாய்க்கு வளையும் இல்லை, வேட்டையும் இல்லை. வழவழவென்ற விட்ரிஃபைட் டைல்ஸ் தரையும் உயரமான கட்டிலும் இருக்கின்றன.

பக் நாயின் கதை இன்னும் எளிது. 2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே போன பக், தொடர்பு எல்லைக்குள் இருப்பதன் அடையாளமாக இந்தியா முழுக்கப் பிடித்துப்போனது. அதன் சுருள்வால் எல்லோருக்கும் பிடித்தது. வாலைச் சுருட்டும் அந்தக் கோணல் முள்ளெலும்பு, சில நாய்களில் முதுகின் நடுவிலும் இருக்கும். அங்கே இருந்தால் பின்கால்கள் மெல்ல மெல்லத் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விடும். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களை ஆபத்தானவை என்று சொல்லித் தடை செய்யச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்காமல் போட்டது என்று ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனிதனுக்கு ஆபத்தான நாய்களின் பட்டியல் அது. தன் உடம்பே தனக்கு ஆபத்தான நாய்களின் பட்டியலை இங்கே யாரும் போடவில்லை. போட்டால் பெங்களூர் வளர்ப்பாளர்களின் விலைப்பட்டியலில் பாதி அதில் வந்துவிடும்.

திடீரென்று என்கிறோமே, பல சமயம் அது அவ்வளவு திடீரில்லை. இரண்டு மூன்று நாளாகச் சோபாவில் ஏறவில்லை. முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. வயிறு கல்லாக இறுகியிருக்கிறது. வீட்டில் "கேஸ்" என்று முடிவுகட்டி ஓமத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். தூக்கினால் கத்துகிறது. பிறகு அந்தச் சத்தம்: நடக்கும்போது தரையில் நகம் சர்ர் என்று தேய்வது. பின்கால் நடு நகங்களின் மேல்பக்கம் மழுங்கியிருந்தால், கால் சில நாளாகவே சரியாகத் தூக்கப்படவில்லை என்று அர்த்தம். செலவில்லாத ஒரு சோதனை உண்டு. நாயை நிற்கவைத்து, உடம்புக்கு அடியில் கையைத் தாங்கலாகக் கொடுத்துக்கொண்டு, ஒரு பின்பாதத்தை மடித்துப் புறங்கால் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதத்தைத் திருப்பிக்கொள்ளும். மடித்தது மடித்தபடியே நின்றால், தன் கால் எங்கே இருக்கிறது என்ற கணக்கு அதற்குத் தப்பிவிட்டது. தண்டுவடம் நசுங்கும்போது முதலில் போவது இந்தக் கணக்கு, அடுத்து அசைவு, அடுத்துச் சிறுநீர்ப்பை, கடைசியில் ஆழ்வலி. திரும்பி வரும்போது தலைகீழாக வரும்.

எத்தனை மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஆனால் "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்பதற்கு எந்தக் கட்சியிலும் ஆதரவு இல்லை. அதைவிடக் கெடுதல் வீட்டு மருந்துப் பெட்டி. மனிதர்களுக்கான ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அது போதாதென்று, வலி குறைந்த நாய் எழுந்து மறுபடி குதிக்கும். லேசாகப் பிதுங்கிய டிஸ்குக்கு முதல் மருந்து, சுமார் நான்கு வாரம் கூண்டுக்குள் அடைத்து வைப்பது. நம் வீடுகளில் இது எடுபடுவதில்லை. "பாவம் டாக்டர், அழுவுது" என்று திறந்துவிடுகிறார்கள். ஸ்கேனும் அறுவையும் சேர்ந்தால் பெங்களூரில் லட்சத்தைத் தொடும். கூண்டு சில ஆயிரம்தான். பணம் கட்டத் தயங்காத குடும்பங்கள்கூடக் கூண்டின் கதவைச் சாத்தத் தயங்குவது ஒரு விசித்திரம்.

இதுவரை சொன்னது வீட்டு நாய்க்கு. தெருவில் ஒரு நாய் பின்கால்களை இழுத்துக்கொண்டு போனால் பாடம் வேறிடத்தில் தொடங்க வேண்டும்.

2023-இல் அன்றைய பெங்களூரு மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் ஏறத்தாழ 2.79 லட்சம். இவற்றுக்கு முதல் மருத்துவர் தெருவில் சோறு போடுகிறவர்தான். பெரும்பாலும் ஒரு அக்கா, ஸ்கூட்டரில் தூக்குவாளியோடு வருவார். எது வரவில்லை, எது நொண்டுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். 2025-இல் மாநகராட்சியே சில ஆயிரம் நாய்களுக்குச் சிக்கன் சோறு போட 2.88 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டபோது நகரம் சிரித்தது, கோபப்பட்டது. எனக்கு ஒரே ஒரு யோசனைதான் தோன்றியது: ஒப்பந்தக்காரரின் ஆள் சோற்றை வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார், நாயின் தாடையைப் பார்ப்பாரா?

தாடையைத்தான் பார்க்க வேண்டும். வெறிநோய் என்றால் நுரைதள்ளித் துரத்தும் நாய் என்றே நம் மனதில் பதிந்திருக்கிறது. சினிமாவும் அப்படித்தான் காட்டியது. அதன் இன்னொரு முகம் பக்கவாதம்போல வரும். நாய் துரத்தாது. மூலையில் ஒதுங்கும். குரல் கம்மும், குரைப்பு ஊளையாக இழுபடும். கீழ்த்தாடை தொங்கும், நாக்கு வெளியே கிடக்கும், எச்சில் கயிறாக வடியும். சோற்றருகே வரும், விழுங்க முடியாது. பின்கால் தள்ளாடும். பார்க்கிற எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது. நல்ல மனம் உள்ள எவரும் செய்வதும் ஒன்றுதான்: வாய்க்குள் கையை விடுவது. கல்லெறிகிறவனுக்கு அந்த நாயிடமிருந்து ஆபத்து குறைவு. இரக்கப்படுகிறவருக்குத்தான் அதிகம். அடையாளம் தெரிகிற நாளிலேயே எச்சிலில் கிருமி இருக்கும், அதற்குச் சில நாள் முன்பிருந்தே இருக்கும். நகக்கண்ணில் ஒரு கீறல் போதும். கை ஏற்கெனவே போய்விட்டதென்றால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்; கையில் கீறல் இருந்தால் இம்யூனோகுளோபுலினும் சேர்த்து. நாய் சாகட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைப் புரட்டினால் தொங்கும் தாடைக்கு முதலில் வேறொரு பெயர் இருக்கும். தாடைத் தசைக்குப் போகும் நரம்பின் அழற்சி. இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகும். நாய்க்குக் கரண்டியால் ஊட்டினால் போதும். முதல் நாள் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். லண்டனில் அந்த வரிசை சரி. சிவாஜிநகரில் தலைகீழாகப் படிக்க வேண்டும். தடுப்பூசிச் சீட்டு கையில் இல்லாத நாய் என்றால் வெறிநோயை முதலில் வைத்துக்கொண்டு, யாரும் தொடாமல் அடைத்துக் கவனிப்பது. வெறிநோய் என்றால் அடையாளம் தெரிந்த பத்து நாளுக்குள் இறந்துவிடும். மூளைத் திசுவைச் சோதித்துத்தான் உறுதிசெய்ய முடியும். அதற்கான இடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பு வைரஸ் துறை, வெறிநோய்க்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம். கெம்பேகௌடா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் எம்.கே. சுதர்சன் முன்நின்று 2003-இல் நடத்திய நாடளாவிய ஆய்வுதான், இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் வெறிநோயால் சாகிறார்கள் என்ற எண்ணைத் தந்தது. இருபது ஆண்டு கழித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு அதை 5,700 சொச்சத்துக்குக் கொண்டுவந்தது. குறைந்திருப்பது நல்ல செய்தி. ஒரு சங்கடம் உண்டு. மனிதர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் தண்ணீர் பயம் இல்லாமல், கால் விழுந்து, கை விழுந்து, பக்கவாதம்போலவே வருகிறது. அது குய்யான்-பாரே என்ற நரம்புக் கோளாறாக எழுதப்பட்டு, கணக்கில் வராமலே போய்விட வாய்ப்பு உண்டு. நாயைத் தவறாகப் படிப்பது நம்மையும் தவறாகப் படிப்பதில் போய் முடிகிறது.

அந்தக் குய்யான்-பாரே போன்ற ஒன்று நாய்க்கும் வரும். பின்காலில் தொடங்கும் தளர்ச்சி முன்காலுக்கு ஏறும். குரைப்பு காற்றாகப் போகும். ஆனால் வால் ஆடும், பசி இருக்கும், புத்தி தெளிவாக இருக்கும். 2018-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு, பச்சைக் கோழி, குறிப்பாகக் கோழிக் கழுத்து தின்னும் நாய்களையும் கோழியிலிருந்து வரும் கேம்பிலோபாக்டர் கிருமியையும் இதனோடு தொடர்புபடுத்தியது. பெங்களூரில் இப்போது பச்சை இறைச்சிதான் நாகரிக உணவு. வீட்டு வாசலுக்கே பாக்கெட்டில் வருகிறது. ரசல் மார்க்கெட்டுக்குப் பின்னால் கோழிக் குடலைத் தின்று வளர்ந்த நாய்களுக்கு அந்த வசதி எப்போதும் இருந்தது.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏரியோரத்து லேஅவுட்களில் மழைக்காலத்து இரவில் நாய் திடீரென்று துவண்டு, இமை தொங்கி, விழுங்க முடியாமல் போனால் பாம்பை நினைக்க வேண்டும். நாகம் கடித்த இடம் வீங்கும். கட்டுவிரியன் கடித்தது கண்ணுக்கே தெரியாது. தேடிப் பார்த்துக் கடிவாய் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். நாய்க்கும் போடுவது மனிதனுக்கான அதே விஷமுறி மருந்துதான்: அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது; குதிரையின் ரத்தத்தில் உருவானது. உண்ணி கடித்து வாதம் வருவது ஆஸ்திரேலியாவில் பிரபலம். நம் ஊர் உண்ணி வழக்கமாகத் தருவது ரத்தச்சோகை. விழுந்து கிடக்கும் நாயின் ஈறு வெளுத்திருந்தால் பிரச்சினை பெரும்பாலும் நரம்பில் இல்லை. ஓடும்போது ஒரு முறை கத்திவிட்டு ஒரு பக்கக் கால் மட்டும் செத்துப்போய், பிறகு வலியே இல்லாமல் இருக்கும் பெரிய நாய்க்குத் தண்டுவடத்தின் ரத்தக்குழாயில் டிஸ்கின் துணுக்கு அடைத்திருக்கலாம். அறுவை வேண்டாம், பொறுமை வேண்டும்.

கிழ நாய்க்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. தலை ஒருபக்கம் சாய்ந்து, கண்மணி இடமும் வலமும் துடித்து, எழுந்தால் அதே பக்கம் சரிந்து விழுந்து, வாந்தி எடுக்கும். "ஸ்ட்ரோக் வந்துடுச்சு, கஷ்டப்பட வேணாம், ஊசி போட்டுடுங்க" என்று அழுதுகொண்டே கொண்டுவருகிறார்கள். பல சமயம் அது உள்காதின் சமநிலைக் கோளாறு. மூன்றாம் நாள் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் சாய்ந்த தலையோடு வாக்கிங் போகும். பார்க்க மிகப் பயங்கரமானது தானே போய்விடுகிறது; பார்க்கச் சாதாரணமான, காலை மட்டும் தேய்த்து நடக்கிற நாய்தான் கை நழுவுகிறது.

கடைசிப் பொய் சிறுநீரில் இருக்கிறது. இடுப்பு விழுந்த நாய் படுத்த இடத்தில் சொட்டுச் சொட்டாக நனைத்துக்கொண்டிருக்கும். "மூத்திரம் நல்லா போகுது" என்று வீட்டில் நிம்மதி. உண்மையில் பை தானாகச் சுருங்காது. நிரம்பித் ததும்புவதுதான் வெளியே வருகிறது. உள்ளே தேங்கியது அழுகி, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, பையைத் தேடிப் பிடித்து, மெதுவாக அழுத்திக் காலிசெய்ய வேண்டும். செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒருமுறை காட்டினால் பழகிவிடும். சக்கர வண்டி கட்டி ஓடும் நாய்களின் வீடியோக்கள் கைப்பேசியில் சுற்றுகின்றன. லட்சம் பேர் விரும்புகிறார்கள். பையை அழுத்துவதை யாரும் படம் எடுப்பதில்லை.

கார் அடித்து முதுகு முறிந்த தெருநாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. முன்கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்தது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், ஆனால் அந்த விறைப்பு முறிவு எந்த இடத்தில் என்பதைத்தான் சொல்லும், பிழைக்குமா என்பதை அல்ல. வாயை நாடாவால் கட்டி, பலகையிலோ கதவிலோ நகர்த்தி ஏற்றி, ஹெப்பாளில் 1958-இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரிக்கோ, 1991 முதல் இயங்கும் க்யூபா (CUPA) போன்ற தொண்டு நிறுவனத்துக்கோ கொண்டுபோகிறார்கள். எலும்பு விலகி ஆழ்வலியும் போயிருந்தால் அது மறுபடி நடப்பது அரிது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குணப்படுத்த முடியாத நோயோ உயிர்போகும் காயமோ உள்ள நாய்களுக்கு வலியில்லாத முடிவைத் தர அனுமதிக்கின்றன. அதை முடிவுசெய்ய ஒரு குழு வேண்டும். இந்த நாய் இரண்டு வகையிலும் சரியாகப் பொருந்தவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறது. கூப்பிட்டால் திரும்புகிறது. இடுப்புக்குக் கீழே அதற்கு வலியே இல்லை, அதுதான் அதன் நோய். அனுப்பவும் முடியாமல், நடக்கவைக்கவும் முடியாமல் காப்பகங்களின் பின்வரிசைக் கூண்டுகளில் இப்படிப்பட்டவை வருடக்கணக்கில் இருக்கின்றன. தத்துக் கேட்டு வருகிறவர்களிடம் அங்கே வேலைசெய்பவர்கள் முதலில் கேட்பது வீட்டின் அளவையோ சம்பளத்தையோ அல்ல. ராத்திரி பதினோரு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறார்கள்.